மாடிப்படிக்குக் கேட் போடுவதா, வேண்டாமா?

வாசகர் கேள்வி:

கீழக்கரையில் உம்மா வீட்டில் இருக்கிறேன். மகனுக்கு 9 மாதம் முடிந்துவிட்டது. பத்து நாளாக வேகமாகத் தவழ்கிறான். எங்கள் வீட்டில் ஹாலிலிருந்தே மாடிப்படி ஏறுகிறது. 17 படி, நடுவில் ஒரு திருப்பம், எல்லாம் கிரானைட். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் கைப்பிடி. படியின் அகலம் 3 அடி. எங்கள் படுக்கையறை மாடியில். உம்மா கீழே படுத்தாலும் துணி காயப்போட ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது மேலே வருவார்கள். அவர்களுக்கு மூட்டு வலி. "கேட்டை மாட்டினால் பிள்ளை விழுகிறானோ இல்லையோ, நான் தடுக்கி விழுவேன். நாலு பிள்ளை வளர்த்தேன், எந்தக் கேட் இருந்தது?" என்கிறார்கள். துபாயில் இருக்கும் என் காக்கா (அண்ணன்), சுவரில் துளை போடாமல் அழுத்தி மாட்டுகிற கேட் ஒன்று அனுப்புவதாகச் சொல்கிறார். போடுவதா, வேண்டாமா? மேலேயா, கீழேயா? துளை போட்டால் கிரானைட் வெடித்துவிடுமா? எத்தனை வயது வரை தேவைப்படும்?

பதில் (குழந்தைநல மருத்துவர் ஒருவரும் கட்டடப் பொறியாளர் ஒருவரும் சேர்ந்து எழுதியது):

போடுங்கள். மேலே கட்டாயம் வேண்டும், அதுவும் சுவரோடு திருகு போட்டுப் பிடித்ததாக இருக்க வேண்டும். உங்கள் அண்ணன் சொல்லும் அழுத்து கேட்டை மாடிப்படியின் மேல்முனையில் மாட்டவே கூடாது. உம்மாவின் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் சொல்வதில் பாதி முழுக்கச் சரி. எந்த மாதிரிக் கேட் என்பதை அந்தப் பயத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். படியில் தினமும் ஏறி இறங்குகிறவர் ஒரு கையால், குனியாமல், எதையும் தாண்டாமல் திறந்து மூட முடியாத கேட் இரண்டு வாரத்தில் கயிறு போட்டுத் திறந்தே கட்டி வைக்கப்படும். கேட் இருக்கிறது என்ற தைரியத்தில் எல்லோரும் கண்ணை எடுத்துவிடுவதால், அது கேட் இல்லாததைவிட மோசம்.

நாலு பிள்ளை வளர்த்த அனுபவம் பெரிது. ஆனால் அன்றைய வீடு வேறு. பழைய வீடுகள் பலவற்றில் மாடிப்படி ஒரு கதவுக்குப் பின்னால் இரண்டு சுவருக்கு நடுவே ஒடுங்கி ஏறும், கதவைச் சாத்தினால் படி மறைந்துவிடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாலைந்து பேர் எப்போதும் வீட்டில் இருப்பார்கள். இன்று படி ஹாலுக்குள் திறந்து கிடக்கிறது, பிள்ளை படுப்பதும் எழுவதும் மாடியில். விடியற்காலையில் அவன் முதலில் எழுந்து, நீங்கள் அசந்து தூங்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் கேட்.

உங்கள் படியை அவன் உயரத்திலிருந்து பார்ப்போம். ஒரு படியின் உயரத்தை அளந்து பாருங்கள், அநேகமாக ஏழரை அங்குலம் இருக்கும். குடியிருப்பு வீடுகளுக்கு தேசியக் கட்டட விதித்தொகுப்பு அனுமதிக்கும் உச்ச அளவும் அதுதான், 190 மி.மீ. ஒன்பது மாத ஆண் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 72 செ.மீ. அவன் உயரத்தில் கால் பங்குக்கும் மேல் ஒரே படி. உங்கள் உடம்புக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை அடி உயரப் படியில் தலைகீழாக இறங்குவது போல. அந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலையின் கனம் அதிகம், அதனால் எங்கு சாய்ந்தாலும் தலைதான் முந்தும். மேலேயிருந்து உருண்டால் திருப்பத்தில் போய் நிற்பான். எட்டு படி, 5 அடி இறக்கம், ஒவ்வொரு படிக்கும் கிரானைட் விளிம்பு. அந்த விளிம்பை உருட்டாமல் கூராக விட்டிருந்தால், கொத்தனாரிடம் சொல்லி மெஷின் வைத்து மழுக்கிவிடுங்கள். அரை நாள் வேலை.

குழந்தைகள் ஏறுவதை முதலில் கற்றுக்கொள்வார்கள், இறங்குவதை வெகு நாள் கழித்துத்தான். 9 முதல் 12 மாதத்துக்குள் நாலு காலில் படி ஏறிவிடுவார்கள். கைப்பிடித்து நின்று இறங்க ஒன்றரை, இரண்டு வயது ஆகும். ஒரு படிக்கு ஒரு கால் என்று மாற்றி மாற்றி ஏற ஏறக்குறைய 3 வயது, அதே மாதிரி இறங்க 4. ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாத அந்த இடைக்காலம் உங்கள் வீட்டில் இப்போது தொடங்குகிறது.

இப்போது அழுத்து கேட் மேலே ஏன் ஆகாது என்று பார்ப்போம். அது இரண்டு பக்கமும் ரப்பர் பதித்த மரைக்கம்பியைத் திருகி, சுவருக்குச் சுவர் நெருக்கி நிற்பது. பிள்ளை பிடித்து உலுக்க உலுக்க ரப்பர் ஒவ்வொரு மயிரிழையாக நழுவும். சமதளத்தில் நழுவினால் கேட் சாயும், பிள்ளை அதன் மேல் விழுவான், அதோடு போயிற்று. படியின் தலைமாட்டில் நழுவினால் கேட்டும் பிள்ளையும் சேர்ந்து உருள்வார்கள். உங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ரப்பருக்கு இரண்டு பக்கமும் தட்டையான, கெட்டியான பரப்பு வேண்டும். உங்களுக்கு ஒரு பக்கம் வழவழப்பான உருண்டை எஸ்.எஸ். பைப், அதில் பிடிமானமே கிடைக்காது.

உம்மா சொல்வது சரியாகும் இடமும் இதுதான். அழுத்து கேட்டில் கதவு திறந்தாலும் சட்டத்தின் அடிக்கம்பி தரையோடு குறுக்கே கிடக்கும். காலை உயர்த்தித் தாண்ட வேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் பாதத்தைத் தரையோடு இழுத்துத்தான் நடப்பார்கள். ஈரத்துணி வாளியோடு வந்து, அடிக்கம்பியில் கால் பெருவிரல் மாட்டி, எதிரே படி இறங்குகிறது என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கீல் வைத்துச் சுவரில் பிடிக்கும் கேட்டில் அடிக்கம்பி கிடையாது. திறந்தால் முழு வழியும் திறக்கும், கதவு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். உம்மாவிடம் இந்த வித்தியாசத்தைக் காட்டிவிட்டால் சம்மதிப்பார்கள் என்றே நம்புகிறோம்.

அண்ணன் இன்னும் வாங்கவில்லை என்றால், திருகு போட்டு மாட்டும் வகையாகவும், அட்டையில் ஈ.என். 1930 என்ற ஐரோப்பியத் தர எண் அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப் 1004 என்ற அமெரிக்கத் தர எண் உள்ளதாகவும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இரும்பில் பெயின்ட் அடித்தது வேண்டாம், மரம் அல்லது அலுமினியம் நல்லது. அழுத்து கேட் ஏற்கெனவே வந்துவிட்டால், மாடிப் படுக்கையறை வாசலில் மாட்டலாம். மர நிலையில் இரண்டு பக்கமும் தட்டையான பரப்பு இருக்கிறது. அடிக்கம்பியில் இருட்டிலும் தெரிகிற மாதிரி ஒளிரும் டேப் ஒட்டுங்கள். தினமும் காலையில் ஒரு தடவை ஆட்டிப் பார்த்து மரையை இறுக்குங்கள். ஆனால் அது படியின் கேட்டுக்குப் பதில் ஆகாது, கூடுதல் காவல் மட்டும்.

உள்ளூர் ஆசாரியை வைத்தே நல்ல கேட் செய்துவிடலாம். எங்களைக் கேட்டால் உங்கள் வீட்டுக்கு அதுதான் பொருத்தம், ஏனென்றால் உங்கள் சுவருக்கும் பைப்புக்கும் தகுந்தபடி அளவெடுத்துச் செய்ய முடியும். வேம்போ பூவரசோ நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கட்டும். பச்சை மரம் ஐப்பசி மழையில் ஊதித் தாழ்ப்பாள் விழாமல் போகும், சித்திரையில் சுருங்கி ஆடும்.

வழியின் அகலம் 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சுவர்ப் பக்கம் ஒன்றரை அங்குலக் கட்டை, பைப் பக்கம் ஒன்றரை அங்குலக் கட்டை போக 33. இரண்டு ஓரத்திலும் கால் கால் அங்குலம் விட்டால் கேட்டின் அகலம் முப்பத்திரண்டரை அங்குலம். பக்கச் சட்டங்கள் இரண்டும் 2 அங்குல அகலம் என்றால் உள்ளே இருபத்தெட்டரை அங்குலம் மிஞ்சும். அதில் ஓர் அங்குலத் தடிமனில் 8 கம்புகளை நிமிர்த்தி நிறுத்தினால் 9 இடைவெளி வரும், ஒவ்வொன்றும் சுமார் 58 மி.மீ. இதைச் சோதிக்க அளவுகோல் வேண்டாம். தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற டென்னிஸ் பந்தை எடுத்து இடைவெளியில் அமுக்குங்கள். அது சுமார் ஆறரை செ.மீ. விட்டம். நுழையக் கூடாது. இடைவெளி பெரிதானால் குழந்தையின் உடம்பு முதலில் நுழைந்துவிடும், தலை பின்னால் மாட்டிக்கொள்ளும். கழுத்து நெரிபடுவது அப்படித்தான். அடியில் தரைக்கும் கேட்டுக்கும் 2 அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள்.

மேல் விளிம்பு தரையிலிருந்து 30 அங்குலம், அதாவது 75 செ.மீ. குழந்தையின் உயரத்தில் முக்கால் பங்காவது கேட் இருக்க வேண்டும் என்பது கணக்கு. 75 செ.மீ. கேட் அவன் ஒரு மீட்டர் உயரம் வரும் வரை போதும். நடுவில் குறுக்குச் சட்டம் எதுவும் கூடாது. கேட் தொங்காமல் இருக்க ஆசாரிகள் குறுக்காக ஒரு சாய்வுச் சட்டம் அடிப்பது வழக்கம், பிள்ளைக்கு அது ஏணி. அதற்குப் பதில் நாலு மூலையையும் துளையும் முளையுமாகச் செதுக்கிக் கோக்கச் சொல்லி, படி பக்கமாக எல் வடிவத் தகடு வைத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பில் கொம்பு மாதிரி எந்த நீட்டலும் வேண்டாம், சட்டை மாட்டும்.

பெயின்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடற்கரை வீடுகளில் வல்லத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டை ஜன்னல், கதவுக்கு அடிப்பது சாதாரணம். இந்தக் கேட்டுக்கு வேண்டவே வேண்டாம். பல் முளைக்கும் பிள்ளை மேல்சட்டத்தைக் கடிக்காமல் விடமாட்டான். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க அடிக்கும் பூச்சில் செம்புச் சேர்மங்கள் உண்டு. வீட்டு அலங்காரப் பெயின்ட்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2017 நவம்பர் முதல் கட்டாயம். தொழிற்சாலை வகைப் பெயின்ட்டுகள் அந்த விதிக்குள் வராது. டின்னில் ஈயம் சேர்க்காதது என்று அச்சிட்ட வீட்டுப் பெயின்ட்டைப் புதிதாக வாங்குங்கள். பழைய டின்னைத் திறக்காதீர்கள்.

இனி மாட்டுவது. தவறு அதிகம் நடப்பது இங்கேதான். கீல் சுவர்ப் பக்கம், தாழ்ப்பாள் பைப் பக்கம். கேட் மாடித் தரையில் நிற்க வேண்டும், எந்தப் படியின் மேலும் அல்ல. திறப்பு மாடியின் உட்புறமாக மட்டும். படியின் பக்கம் திறந்தால், திறக்கிறவர் கேட்டோடு சேர்ந்து வெறும் காற்றில் சாய்வார். தாழ் போட மறந்த நேரத்தில் பிள்ளை தள்ளினாலும் படி பக்கம் போகாதபடி, பைப் பக்கக் கட்டையில் படி பக்கமாக ஒரு தடுப்புப் பட்டை அடித்துவிடச் சொல்லுங்கள்.

கிரானைட்டைப் பற்றிக் கேட்டீர்கள். படியிலும் தரையிலும் துளையே தேவையில்லை. சுவரின் அடியில் ஓடும் 4 அங்குல ஸ்கர்ட்டிங்தான் தொந்தரவு. அது சுவரை விட்டு அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ வெளியே துருத்தி நிற்கும். கட்டையைச் சுவரோடு ஒட்ட வைத்தால் அடி உட்காராமல் மேல் பக்கம் இடைவெளி விழும். சிலர் அந்த இடைவெளியோடே திருகை முறுக்குவார்கள். கட்டை வளைந்து, பூச்சு பெயர்ந்து, ஒரே மாதத்தில் ஆட்டம் காணும். ஸ்கர்ட்டிங்கின் பருமனுக்குக் கட்டையின் அடியில் வெட்டு எடுங்கள், அல்லது அதே பருமனில் ஒரு பட்டையை ஸ்கர்ட்டிங்குக்கு மேலே சுவரில் வைத்துச் சமன் செய்யுங்கள். துளைகள் எல்லாம் ஸ்கர்ட்டிங்குக்கு மேலேயே வரட்டும். தப்பித்தவறி கிரானைட்டில் போட வேண்டி வந்தால் டிரில்லின் சுத்தியல் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, வைரத்தூள் பதித்த பிட் வைத்து, தண்ணீர் விட்டு விட்டு மெதுவாக. வெடிப்பது சுத்தியல் அடியால்தான்.

திருகின் நீளத்தைக் கவனியுங்கள். கட்டை 38 மி.மீ., சிமென்ட் பூச்சு 15 மி.மீ., செங்கல்லுக்குள் குறைந்தது 50 மி.மீ. கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறது. வீட்டில் கிடக்கும் 50 மி.மீ. திருகைப் போட்டால் கட்டையைத் தாண்டிப் பூச்சோடு நின்றுவிடும். கேட் சுவரில் இருக்காது, வெறும் பூச்சில் தொங்கும். 10 மி.மீ. பருமனில் நீள நைலான் உறையோடு வரும் பிரேம் ஆங்கர் என்று கேட்டு வாங்குங்கள். நாலு போதும். துளை செங்கல்லின் நடுவில் விழ வேண்டும், கலவை மூட்டில் அல்ல. துளையிடும்போது சிவப்புத் தூள் வந்தால் செங்கல், சாம்பல் நிற மணல் வந்தால் மூட்டு. மூட்டு என்றால் ஒன்றிரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஹாலோ பிளாக் சுவர் என்றால் உள்ளே வெற்றிடம் என்பதால் அதற்கென்று விரியும் ஆங்கர் வேறு இருக்கிறது. பவளக்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சுவரில் எந்த ஆங்கரும் நம்பிப் போட முடியாது, உதிர்ந்துகொண்டே வரும். கேட்டை மாடியறைக் கதவு நிலையில் பிடிப்பதே உத்தமம்.

பைப் பக்கம் கட்டையில் பைப்பின் வளைவுக்கு ஏற்பக் குழி செதுக்கி, நடுவில் மெல்லிய ரப்பர் வைத்து, மேலும் கீழுமாக இரண்டு யூ போல்ட்டில் இறுக்கலாம். பைப்பில் துளை தேவையில்லை. யூ போல்ட்டும் எஸ்.எஸ். ஆக இருக்கட்டும். துத்தநாக முலாம் பூசியதை எஸ்.எஸ். மேல் கட்டினால், உப்புக் காற்றின் ஈரத்தில் முலாம்தான் முதலில் அரிக்கும், பிறகு போல்ட். நட்டுகளைப் படி பக்கம் வைத்து, மூடி நட்டு போட்டுவிடுங்கள்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரையில் கேட் கெடுவது மரத்தால் அல்ல, கீலாலும் தாழ்ப்பாளாலும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் தேவைப்பட்டதென்றால், பத்து ரூபாய் இரும்புக் கீல் உங்கள் மாடியில் எத்தனை நாள் தாங்கும்? பித்தளைக் கீல் மூன்று போடுங்கள், பித்தளைத் திருகோடு. எஸ்.எஸ். என்றால் 316 தரம் நல்லது, கிடைக்காவிட்டால் 304. 316-இல் கலந்திருக்கும் மாலிப்டினம் என்ற உலோகத்தால்தான் உப்பு போடும் பொட்டுப் பொட்டான துளைகளை அது தாங்குகிறது. கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி "ஒட்டல, அசல் எஸ்.எஸ்." என்பார்கள். மலிவான 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் அது சீக்கிரமே பழுப்பேறிவிடும். தரத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கீல் உங்களுக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஸ்பிரிங் துருப்பிடித்து பாதியில் நிற்கும், பார்க்கிறவர் மூடியிருப்பதாக நினைப்பார். ஆடி மாதக் காற்றில் படாரென்று அறைந்து பிள்ளையின் விரலையும் நசுக்கும். வாரம் ஒரு தடவை கீலையும் தாழையும் நனைத்த துணியால் துடைத்து உலர விடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதுவே உப்பு. குடிதண்ணீரில் நனையுங்கள். கிரீஸ் தடவினால் மணலும் உப்பும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

தாழ்ப்பாள் படி பக்கமாக, மேல் விளிம்புக்கு 6 அங்குலம் கீழே. மேலேயிருந்து கையைத் தொங்கவிட்டால் பெரியவர்களுக்கு எட்டும், உம்மா குனிய வேண்டாம். பிள்ளைக்கு அந்தப் பக்கம் அவ்வளவு சுலபமாக எட்டாது. திருப்பிவிட்டுப் பிறகு இழுக்க வேண்டிய போல்ட்டாக இருக்கட்டும். இரண்டு செயல் சேர்ந்தால்தான் திறக்க வேண்டும், அதே நேரம் ஒரு கையால் முடிய வேண்டும். மற்ற கையில் பிள்ளை இருப்பானே. கடையிலேயே ஒரு கையால் திறந்து பார்த்து வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் ஆசாரி போவதற்கு முன்பே, மண்டியிட்டு உட்கார்ந்து, பிள்ளை பிடிக்கும் உயரத்தில் மேல்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாகப் பத்து தடவை உலுக்குங்கள். கட்டைக்கும் சுவருக்கும் நடுவே தூள் உதிர்ந்தால் ஆங்கர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதை மறுபடி இறுக்குவதால் பயனில்லை, இடம் மாற்றித் துளைக்க வேண்டும். இதே சோதனையை மாதம் ஒரு முறை செய்யுங்கள்.

கேட் போட்டுவிட்டுக் கைப்பிடியை விட்டுவிடாதீர்கள். எஸ்.எஸ். கைப்பிடிகளில் பைப்புகளைக் கிடையாக ஓட்டுவது இப்போது நாகரிகம். ஒன்றன் மேல் ஒன்றாக நாலு பைப் என்றால் ஏணி. இடையில் உள்ள சந்தில் பிள்ளை முழுசாகவே நுழைவான். பிரிட்டனின் கட்டட விதிப்படி, சிறு பிள்ளைகள் புழங்கும் இடத்துக் கைப்பிடியில் 100 மி.மீ. உருண்டை எந்தச் சந்திலும் நுழையக் கூடாது. உங்கள் கைப்பிடியில் 6 அங்குலச் சந்துகூட இருக்கலாம். உள்பக்கமாக 3 அல்லது 4 மி.மீ. பாலிகார்பனேட் ஷீட்டை வைத்து, ஒவ்வொரு அரை அடிக்கும் கறுப்புக் கேபிள் டையால் கட்டினால் போதும். வெள்ளை டை வெயிலில் முறுகி ஒடியும். பழைய மீன்வலையைக் கட்டுவது நம் பக்கத்தில் சகஜம். மெல்லிய நரம்பு வலை விரலை அறுக்கும், பெரிய கண் வலையில் கால் வைத்து ஏறலாம், தலையும் மாட்டும். வெயில்பட்ட நைலான் கையால் இழுத்தாலே கிழியும். வலை வேண்டாம்.

கீழே கேட் வேண்டுமா என்றால், வேண்டும், ஆனால் இரண்டாவதாகத்தான். பணமோ ஆசாரியின் நேரமோ ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மேலே போட்டுவிடுங்கள், கீழே இருக்கும்போது அவனைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். அது வரும் வரை நாற்காலி, சோபா எதையும் படிக்கு முன்னால் தடுப்பாக வைக்காதீர்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நிற்பான், பிறகு அதன் மேலேயே ஏறுவான். மொட்டை மாடிக்குப் போகும் கதவின் தாழ்ப்பாளைத் தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். படியை அடைத்ததும் பிள்ளையின் கவனம் வேறு பக்கம் திரும்பும் என்பதையும் நினைவில் வையுங்கள். குளியலறை வாளியும் தண்ணீர் டிரம்மும் மூடியிருக்கட்டும்.

யாராவது வாக்கர் வண்டி பரிசாகக் கொடுத்திருந்தால் தயவுசெய்து படி உள்ள வீட்டில் பயன்படுத்தாதீர்கள். அதில் உட்கார்ந்த குழந்தை ஒரு நொடியில் 3 அடிக்கு மேல் நகரும், எதிரே நிற்கிற அம்மாவால்கூட எட்டிப் பிடிக்க முடியாது. சக்கரத்தோடு படியில் விழுந்தால் தலைக்காயம்தான். கனடா 2004-இலேயே அவற்றின் விற்பனையைத் தடைசெய்தது. நடை சீக்கிரம் வரவும் அது உதவாது.

பெரியவர்களுக்கு இரண்டே கட்டுப்பாடு. மூடியிருக்கும் கேட்டை யாரும் தாண்டக் கூடாது, அவசரமானாலும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாண்டுகிறவர் விழுந்தால் இருவருக்கும் அடி. கேட்டைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு உம்மா ஏறக் கூடாது, அதில் துணியும் காயப்போடக் கூடாது. உம்மாவின் ஈரத்துணி வாளியை வேறு யாராவது தூக்கி வந்தால் மிகவும் நல்லது. ஒரு கை கைப்பிடிக்கு, ஒரு கை தாழ்ப்பாளுக்கு. திருப்பத்தில் இரவு முழுக்க எரிகிற சின்ன விளக்கு ஒன்று போடுங்கள்.

கேட் இருக்கும்போதே இறங்கப் பழக்குங்கள். தினமும் ஐந்து நிமிடம், கீழிருந்து மூன்று படி மட்டும். வெறுங்காலோடு, சாக்ஸ் இல்லாமல், ஈரமில்லாத படியில். மூன்றாவது படியில் அவனை விட்டு, நீங்கள் ஒரு படி கீழே உட்காருங்கள். இடுப்பைப் பிடித்துத் திருப்பி, வயிறு படியில் படும்படி வைத்து, ஒரு காலை மெதுவாகக் கீழ்ப்படியைத் தொட வையுங்கள். "திரும்பு, காலை விடு" என்று ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. வீட்டில் எல்லோரும் அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். கட்டிலிலிருந்து இறங்கவும் இதே முறைதான், அங்கேயும் பழக்கலாம். சில வாரங்களில் விளிம்பைக் கண்டதும் தானே திரும்புவான். அதற்காகக் கேட்டைத் திறந்துவிட வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் எல்லாம் மறக்கும்.

இவ்வளவுக்கும் பிறகும் விழுந்தால்: உடனே அழுது, தூக்கினதும் சமாதானமாகி, பால் குடித்து விளையாடினால் வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். ஆனால் ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளை என்பதால், படியில் உருண்டான் என்றாலே ஒரு மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். நினைவு தப்பினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாமல் தூங்கினால், வலிப்பு வந்தால், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வந்தால், தலையில் மெத்தென்று வீக்கம் கண்டால், ஒரு கையையோ காலையோ அசைக்காமல் இருந்தால் 108-ஐ அழைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தலையில் எண்ணெய் தேய்த்து நீவுவது, வீக்கத்தை அமுக்குவது வேண்டாம். கழுத்து கோணலாகத் தெரிந்தால் அப்படியே அசைக்காமல் வைத்திருங்கள்.

எத்தனை வயது வரை? ஐரோப்பியத் தரம் இந்தக் கேட்டுகளை 24 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கே சோதிக்கிறது. நீங்கள் வயதைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். கைப்பிடியைப் பிடித்து நின்றபடி, சொன்னால் கேட்டு, தூக்கக் கலக்கத்திலும் தடுமாறாமல் இறங்குகிறான் என்றால் எடுத்துவிடலாம். பெரும்பாலும் இரண்டரை, மூன்று வயதில் அது வரும். அதற்கு முன்பே தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுவிட்டாலோ மேல்சட்டத்தில் காலைத் தூக்கிப் போட்டாலோ அன்றைக்கே கழற்ற வேண்டும். கேட்டின் மேலிருந்து விழுந்தால் 5 அடியோடு இன்னும் இரண்டரை அடி சேரும். அந்தக் கட்டத்தில் படுக்கையறைக் கதவை இரவில் சாத்திக்கொள்வதும், காலையில் அவனோடு சேர்ந்து இறங்குவதுமே வழி. இன்னொரு பிள்ளை வரும் யோசனை இருந்தால் கட்டைகளைச் சுவரிலேயே விட்டுவிட்டுக் கதவை மட்டும் கீலிலிருந்து கழற்றி வையுங்கள். இல்லையென்றால் ஆங்கரைப் பிடுங்கி, துளையை வெள்ளைச் சிமென்ட்டால் அடைத்து, பூச்சு காய்ந்த பிறகு வண்ணம் தொட்டுவிடலாம்.